உளி தொடாத கல்

ரோம் நகரில், அவெந்தீன் குன்றுக்கும் டைபர் ஆற்றுக்கும் நடுவே மார்மொராத்தா என்ற இடம் இருக்கிறது. பேரரசின் திசையெங்கிலுமிருந்து படகேறி வந்த பளிங்கு, அந்தக் கரையில்தான் இறங்கியது. 1860களின் இறுதியில் அங்கே தோண்டியபோது, துனீசியாவின் மஞ்சளும் கிரேக்கத்தின் பச்சை வரியும் துருக்கியின் ஊதா நரம்போடிய வெள்ளையுமாகப் பாளங்கள் வெளிவந்தன. பலவற்றில் எழுத்து வெட்டியிருந்தது: கல் எடுத்த ஆண்டைச் சொல்லும் கான்சல்கள் என்ற ஆட்சித் தலைவர்களின் பெயர், குவாரியில் அது பிரிந்த இடம், வரிசை எண்.

இந்தப் பதிவுகள் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம், அந்தக் கற்கள் பயன்படாமல் போனதுதான். கட்டுமான இடத்தில் கல்தச்சர் பாளத்தைக் கொத்தி மெருகேற்றினால், முதல் சில்லுகளோடு எழுத்தும் உதிர்ந்துவிடும். ஆகவே கல் வணிகத்தின் கதையைக் கிடங்கில் தேங்கிய கல்லிடமும், கடலில் மூழ்கிய கல்லிடமும், குவாரியிலேயே உடைந்த கல்லிடமும்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

தேங்கிய கல் ஓஸ்டியா துறைமுக நகரில் கிடக்கிறது. கப்பல் தச்சர்களின் கோயில் முற்றத்தில், துருக்கியின் மர்மரா தீவிலிருந்து வந்த தூண்கள் செதுக்கி முடியாமல் இன்றும் உள்ளன. வாங்குபவர் வரும்வரை கல் காத்திருந்தது. மூழ்கிய கல் சொல்வது வேறு. துருக்கியின் கிசில்புருன் கரையருகே, கி.மு. முதல் நூற்றாண்டுக் கப்பல் ஒன்று, பெரிய தூணொன்றின் எட்டுத் துண்டுகளோடு கடலடியில் கிடந்தது. அவை கிளாரோஸ் அப்பல்லோ கோயிலுக்காகப் புறப்பட்டவை என்று ஆய்வாளர்கள் பொருத்திக் காட்டியிருக்கிறார்கள். ஆக, இருப்பு வைத்து விற்பதும், கேட்டபடி வெட்டி அனுப்புவதும் இரண்டுமே நடந்தன.

உடைந்த கல்லோ மனித முயற்சியின் எல்லையைக் காட்டுகிறது. எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில், மோன்ஸ் கிளாடியானஸ் குவாரியில், சுமார் 200 டன் எடையுள்ள கருங்கல் தூண் ஒன்று விரிசல் விட்டு அப்படியே கிடக்கிறது. நைல் நதியை அடைய அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் இழுத்துப் போக வேண்டும்.

மெருகேறிய கல் மட்டும் ஊமையா? 1972இல் ஹார்மன் கிரெய்க்கும் வலேரி கிரெய்க்கும் அதையும் பேசவைக்க ஒரு வழி காட்டினார்கள். பளிங்கு என்பது, பூமிக்கடியில் வெப்பமும் அழுத்தமும் பட்டு மறுபடி படிகமான சுண்ணாம்புக்கல். அதிலுள்ள கார்பன், ஆக்சிஜன் ஆகியவற்றின் கனமான ஐசோடோப்புகள் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது, அது உருவான சூழலைப் பொறுத்தது. சிறு துளி பொடி போதும், அளந்துவிடலாம். இரண்டு குவாரிகளின் விகிதம் ஒத்துப்போனால், படிகத் துகளின் அளவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். உளி எவ்வளவு ஆழம் போனாலும் இந்த அடையாளம் அழியாது.

ஆனால் ஐசோடோப்பு குவாரியைத்தான் காட்டும். எந்த ஆண்டு வெட்டினார்கள், குவாரியின் எந்த மூலையிலிருந்து எடுத்தார்கள் என்பதை, உளி தொடாத பாளம் மட்டுமே சொல்லும். சிலைகளைக் காக்கும் அக்கறையோடு அந்த முரட்டுப் பாளங்களையும் நாம் காக்க வேண்டும்.