காற்றுவாக்கில் ஓடும் படகு

'காற்றுவாக்கில் ஒரு செய்தி காதில் விழுந்தது' என்கிறோம். தேடாமலும் முயலாமலும் தானாக வந்து சேர்ந்தது என்பது அதன் பொருள். காற்று வீசும் திசையிலேயே செல்வது எளிது என்னும் எண்ணம் இத்தொடரின் அடியில் படிந்து கிடக்கிறது. பாயை விரித்துவிட்டால் காற்று பின்னிருந்து தள்ளும். படகில் இருப்பவர் கைகட்டி அமர்ந்திருக்கலாம். அண்மைக்காலம் வரை நானும் அவ்வாறே நினைத்திருந்தேன்.

என் பேத்தி ஜொகூர் நீரிணையில் ஆப்டிமிஸ்ட் என்னும் சிறு பாய்ப்படகை ஓட்டிப் பழகுபவள். 2.3 மீட்டர் நீளமும் 35 கிலோகிராம் எடையும் கொண்ட அப்படகு சிறுவர் சிறுமியர்க்கென்றே அமைக்கப்பட்டது. ஒரு பந்தயத்தில், காற்றை எதிர்த்துச் செல்லும் பகுதியை முடித்து, முதல் மூவருள் ஒருத்தியாக மிதவையைச் சுற்றினாள். காற்றோடு திரும்பி வரும் பகுதியிலோ எட்டாம் இடத்துக்குப் பின்தங்கினாள். "நான் நேராத்தானே வந்தேன் தாத்தா, அவங்க எல்லாரும் வளைஞ்சு வளைஞ்சு வந்தாங்களே?" என்று அவள் கேட்டாள். அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இவ்வுரை.

மணிக்கு 12 கடல்மைல் வேகத்தில் காற்று வீசுவதாகக் கொள்வோம். படகு அதே திசையில் 5 கடல்மைல் வேகத்தில் ஓடுகிறது. அப்பொழுது பாயின்மீது படும் காற்றின் வேகம் 12 அன்று. 12இலிருந்து 5 போக எஞ்சும் 7 மட்டுமே. காற்று தரும் விசை அதன் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே, நின்ற படகின்மீது செயற்பட்ட விசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ஓடும் படகுக்குக் கிடைக்கிறது. படகு விரைய விரையக் காற்று மேலும் நழுவும். மிதிவண்டியின் கைப்பிடியில் ஒரு நாடாவைக் கட்டிக்கொண்டு காற்றின் திசையில் ஓட்டிப் பார்க்கும் மாணவர் இதனை உடனே உணர்வர். மரக்கிளைகள் அசைந்துகொண்டிருக்கும், நாடா மட்டும் துவண்டு தொங்கும்.

இங்கே மொழியியலாளன் சற்றுக் குறுக்கிட வேண்டியுள்ளது. நிலத்தில் நிற்பவர் அளக்கும் காற்று ஒன்று. ஓடும் படகு பெறும் காற்று மற்றொன்று. ஆங்கிலக் கலைச்சொல்லைத் தழுவி இரண்டாவதனைத் 'தோற்றக் காற்று' என்று பெயர்த்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தோற்றம் என்றதும் மாணவர் உள்ளத்தில் பொய்த்தோற்றம் என்னும் கருத்தே எழும். உண்மையில் பாயைத் தொடுவதும் படகை இயக்குவதும் அக்காற்றுதான். ஆதலின் அதனை 'உணர்காற்று' என்றும், மற்றதனை 'வீசுகாற்று' என்றும் வழங்கலாம் என்பது என் கருத்து. ஒரு சொல்லைப் பிழைபடத் தேர்ந்தால் அதன் பின்னுள்ள இயற்பியலும் பிழைபடவே மனத்தில் பதியும். திசைக்கொரு பெயராக வாடை, தென்றல், கொண்டல், கோடை என வீசுகாற்றைப் பகுத்தறிந்த மொழி நம்முடையது. காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்தியவனின் வழித்தோன்றல் என்று கரிகாலனை வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றின் 66ஆம் பாடலில் விளிக்கிறார். இத்தகைய மொழியில் உணர்காற்றுக்கு ஒரு சொல் அமைவது அரிதன்று.

இனிப் பேத்தியின் கேள்விக்கு வருவோம். நேர்வழியை விட்டு 20 பாகை விலகி ஓட்டினால் என்ன நிகழும்? 1000 மீட்டர்த் தொலைவு 1064 மீட்டராக நீளும். இந்த இழப்பை ஈடுசெய்யப் படகின் வேகம் 5இலிருந்து 5.3 ஆனால் போதும். அது 5.4 ஆவதாகக் கொண்டு கணக்கிட்டால், உணர்காற்றின் வேகம் 7.2, படகு விரைந்த பின்னும் அது குறையவில்லை. அது வரும் திசையோ நேர்பின்புறத்திலிருந்து ஏறத்தாழ 35 பாகை பக்கவாட்டுக்கு நகர்ந்துவிடுகிறது. அதாவது, படகு 20 பாகை திரும்ப, உணர்காற்று அதனினும் மிகுதியாகத் திரும்புகிறது. பாயில் முட்டி நின்ற காற்று இப்பொழுது பாயைத் தழுவி ஓடத் தொடங்குகிறது. தழுவி ஓடும் காற்றே மிகுவிசை தரும். இதற்கும் எல்லை உண்டு: 30 பாகை விலகினால் தொலைவு 1155 மீட்டராகும், அதனை மீட்கத்தக்க வேகம் இச்சிறு படகுகளுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

வளைந்து ஓடுவதில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஆப்டிமிஸ்ட், லேசர் ஆகிய படகுகளின் பாய்மரத்தைப் பக்கங்களில் இழுத்துக் கட்டும் கம்பிகள் இல்லை. ஆகவே, மீனவர் வழக்கில் தாமான் எனப்படும் கயிற்றை நெகிழ்த்தி, பாயின் அடித்தண்டைப் படகுக்குச் செங்குத்தான நிலையையும் கடந்து முன்னே விடலாம். அந்நிலையில் பாய் விரிந்திருக்கும் பக்கம் நோக்கிப் படகைச் சிறிது திருப்பினால், காற்று பாயின் பின்விளிம்பில் நுழைந்து பாய்மரத்தின் பக்கமாக வெளியேறும். வழக்கமான ஓட்டத்துக்கு இது நேர் எதிர். தேர்ந்தவர்கள் இவ்விரு நிலைகளுக்கும் இடையே மாறி மாறிச் செல்கின்றனர். கரையிலிருந்து பார்ப்போர்க்கு அது வளைந்து வளைந்து வருவதாகத் தெரிகிறது. 'எதிர்விளிம்பு ஓட்டம்' என்று இதனைக் குறித்துவைத்திருக்கிறேன். இதனினும் நல்ல சொல் கிடைத்தால் மகிழ்வேன்.

எப்பொழுது எப்பக்கம் திரும்புவது என்பதைக் காற்றும் அலையும் முடிவு செய்கின்றன. காற்று திடீரென வலுத்தால் படகை நேர்திசை நோக்கித் தாழ்த்த வேண்டும். தளர்ந்தால் பக்கவாட்டில் ஏற்ற வேண்டும். வலுத்த காற்று செல்லும் திசையிலேயே படகும் செல்வதால், அதனுள் நெடுநேரம் தங்க முடியும் என்பதே காரணம். அலையிலும் இதுவே முறை: பக்கவாட்டில் ஏறி வேகம் சேர்த்து, அலையின் முன்சரிவில் திரும்பி இறங்க வேண்டும். அவ்வாறு இறங்கத் தொடங்குவதற்குப் பாயை ஒருமுறை உள்ளிழுத்து விசை கொடுக்கலாம். போட்டி விதி 42 இதனை ஓர் அலைக்கு ஒருமுறை மட்டுமே ஒப்புகிறது.

உடலும் இதில் ஒரு கருவி. மெல்லிய காற்றில் முன்னே நகர்ந்து அமர்ந்தால், பின்புறம் நீரில் அமிழ்ந்து இழுபடுவது குறையும். காற்று வரும் பக்கமாகப் படகைச் சற்றே சாய்த்தால் நீரில் நனையும் பரப்பும் குறையும். சுக்கானைப் பிடித்து இழுக்க வேண்டிய தேவையும் நீங்கும். சுக்கானைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அது சிறு தடையாகிறது என்பதை என் பேத்தி அறிந்திருக்கவில்லை. நேராகச் செல்வதற்காக அதனை ஓயாது திருத்திக்கொண்டே இருந்தாளாம். நீருக்குள் இறங்கியிருக்கும் நடுப்பலகையைப் பாதியளவு உயர்த்துவதும் பயனுடையது. முழுதும் தூக்கிவிட்டால் படகு உருளும்.

வன்காற்றில் இவை அனைத்தும் இடர் மிக்கவை. சுமாத்ரா என்று நம் வட்டாரத்தில் பெயர் பெற்ற சூறைக்காற்று, ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், பெரும்பாலும் விடியற்காலையிலும் முற்பகலிலும் மேற்கிலிருந்து வந்து நீரிணையைத் தாக்கும். எதிர்விளிம்பு ஓட்டத்தில் இருக்கும் படகைத் திடீர்க்காற்று பற்றினால், அடித்தண்டு ஒரு நொடியில் மறுபக்கம் வீசி ஓட்டுபவரின் தலையைத் தாக்கக்கூடும். வானம் மேற்கே கருத்தால் பயிற்சியை நிறுத்திக் கரையேறுவதே முறை.

இக்கலையில் தமிழர் பெயர்களும் இடம்பெறத் தொடங்கிவிட்டன. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2021 ஏப்ரலில் ஓமானில் நடந்த தகுதிப் போட்டியின் வழியே, ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்கின்போது எனோஷிமாக் கடலில், மலேசியாவின் நூர் ஷஸ்ரினும் கைருல்நிஸாமும் முறையே இவ்விருவர் ஓடிய அதே பிரிவுகளில் போட்டியிட்டனர்.

பேத்தியின் படகில் இப்பொழுது பாயின் பின்விளிம்பருகே இரண்டு கம்பளி நூல்களை ஒட்டியிருக்கிறோம். நூல் துவண்டு தொங்கினால் திரும்ப வேண்டும். பாயோடு படிந்து நீண்டால் அத்திசையிலேயே செல்லலாம். சென்ற மாதம் மிதவையை ஆறாவதாகச் சுற்றினாள். முடிவுக்கோட்டை நான்காவதாகக் கடந்தாள்.