எல்லாக் காமாலையும் ஒன்றல்ல

மணலூர்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கண் மஞ்சளித்த ஒருவரைக் கடைக்கு அழைத்து வருகிறவர்கள் நோயையும் மருந்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். “காமாலைதாங்க. கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடுத்துட்டிருக்கோம். பத்தியமும் இருக்காரு. தெம்புக்கு ஒரு டானிக் குடுங்க.” டானிக்கை எடுக்குமுன் நான் மூன்று கேள்வி கேட்பேன். காய்ச்சல், வாந்தி ஏதும் இருந்ததா? உடம்பெல்லாம் அரிக்கிறதா? மலம் என்ன நிறத்தில் போகிறது?

கடைசிக் கேள்விக்குப் பலர் கூச்சப்படுவார்கள். ஆனால் “காய்ச்சலே இல்லீங்க, அரிப்புதான் தாங்கல, வெளுத்துப் போகுது” என்று பதில் வந்தால் டானிக் கொடுக்க மாட்டேன். அன்றே ஸ்கேன் எடுக்கச் சொல்லி அனுப்புவேன்.

காரணம் இதுதான். கல்லீரலில் ஊறும் பித்தநீர் ஒரு மெல்லிய நாளத்தின் வழியே குடலுக்கு வருகிறது. அந்த நாளம் குடலைத் தொடுவதற்கு முன் கணையத்தின் தலைப்பகுதியைக் கடந்து வர வேண்டும். அங்கே கட்டி வளர்ந்தால் நாளம் நெரிபடும். மதகை மூடினால் வாய்க்கால் நீர் கரையேறுவதுபோலப் பித்தம் இரத்தத்தில் ஏறிவிடும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், உடம்பு அரிக்கும். பித்தம் வந்து சேராததால் மலம் நிறமிழக்கும். வலி இல்லாமலும் இது நடக்கும். வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் தானே வடிந்துவிடும். இந்த அடைப்புக் காமாலை வடியாது.

கீழாநெல்லியை நான் குறைத்துப் பேசவில்லை. ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளம்பெர்க்கும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜனும் அந்தச் செடியை ஆய்வுக்கூடத்துக்கே கொண்டுபோனார்கள். 1988-இல் ‘லான்செட்’ இதழில் அவர்கள் வெளியிட்ட முடிவு உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது: கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. பிற நாடுகளில் பின்னர் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும் சரி, கட்டி நெரித்த நாளத்தை எந்தச் செடியும் திறந்துவிடாது. அங்கே கத்திக்குத்தான் வேலை.

அந்தக் கத்திவேலைக்கு விப்பிள் ஆபரேஷன் என்று பெயர். நியூயார்க் அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் 1935-இல் மூன்று நோயாளிகளுக்குச் செய்ததை எழுதியதிலிருந்து அவர் பெயராலேயே நிற்கிறது. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி ஆகியவற்றோடு பல நேரங்களில் இரைப்பையின் ஒரு துண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். பிறகு மிச்சமிருக்கும் கணையம், பித்தநாளம், இரைப்பை மூன்றையும் சிறுகுடலோடு தைத்து இணைக்க வேண்டும். கணையத் தையல்தான் ஆபத்தானது. அங்கே கசிவது இறைச்சியைக் கரைக்கும் செரிமான நீர். பக்கத்திலிருக்கும் இரத்தக்குழாயையும் அது அரித்துவிடும்.

வயிற்றை அகலத் திறந்து செய்யவே நடுங்கும் இந்த ஆபரேஷனைச் சிறு துளைகள் வழியாகச் செய்யத் துணிந்த தமிழர் கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையின் சி.பழனிவேலு. துளைவழிப் பித்தப்பை ஆபரேஷனை இந்தியாவில் முதலில் செய்தவர் மும்பையின் டெஹெம்டன் உத்வாடியா; ஆண்டு 1990. அடுத்த ஆண்டே பழனிவேலு அந்த முறையைக் கோவையில் தொடங்கினார். 1998 முதல் விப்பிள் ஆபரேஷனையும் அதே வழியில் செய்து வந்தார். இதை முதலில் செய்து காட்டிய கனடாவின் மிஷேல் காக்னேருக்கே இதனால் நோயாளிக்குப் பயன் உண்டா என்ற சந்தேகம் இருந்த காலம் அது. 2007-இல் 42 நோயாளிகள், 2009-இல் 75 நோயாளிகள் என்று பழனிவேலுவின் குழு தன் கணக்கை வெளியிட்டது.

நான் அவரை மதிப்பது அந்தக் கைத்திறனுக்காக மட்டும் அல்ல. அதற்குப் பிறகு அவர் செய்த காரியத்துக்காக. தன் முறையே சிறந்தது என்று சொல்லிக்கொண்டு இருந்துவிடாமல், அதைச் சோதனைக்கு வைத்தார். 64 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் சரிபாதியாகப் பிரித்தார்கள். 32 பேருக்கு வயிற்றைத் திறந்து ஆபரேஷன், 32 பேருக்குத் துளைவழி ஆபரேஷன். யாருக்கு எது என்பதை மருத்துவரின் விருப்பம் தீர்மானிக்கவில்லை. 2017-இல் பிரிட்டனின் அறுவை சிகிச்சை இதழில் முடிவு வெளிவந்தது. திறந்து செய்தவர்கள் மருத்துவமனையில் தங்கியது 13 நாள், துளைவழியில் செய்தவர்கள் 7 நாள். துளைவழிக்குச் சுமார் 40 நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. இரத்த இழப்பு குறைந்தது. சிக்கல்கள் இரு பக்கமும் ஏறத்தாழச் சமம். இந்த ஆபரேஷனில் இரு முறைகளையும் இப்படி ஒப்பிட்ட முதல் ஆய்வு நம் கோவையிலிருந்து போனது.

கதை அங்கே முடியவில்லை. நெதர்லாந்தில் நான்கு மருத்துவமனைகள் சேர்ந்து அதே ஒப்பீட்டைச் செய்தபோது, பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. துளைவழியில் செய்த 50 பேரில் 5 பேரும், திறந்து செய்த 49 பேரில் ஒருவரும் சிக்கல்களால் இறந்தார்கள். 2019-இல் அந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது: துளையா திறப்பா என்பதைவிட, அந்தக் கைகள் எத்தனை முறை இதைச் செய்து பழகியிருக்கின்றன என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் 2002-இல் வந்த பெரிய கணக்கெடுப்பும் இதையே சொன்னது. கணைய ஆபரேஷன் மிக அரிதாகச் செய்யும் மருத்துவமனைகளில் நூற்றுக்குப் பதினாறு பேர் இறந்தார்கள்; அதிகம் செய்யும் இடங்களில் நான்கு பேருக்கும் குறைவு.

ஆகவே யாரையும் குறிப்பிட்ட ஒரு மருத்துவமனைக்குப் போங்கள் என்று நான் சொல்வதில்லை. “இந்த ஆபரேஷன் இங்க வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க, டாக்டர்?” என்று கேட்கச் சொல்கிறேன். இது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல. நல்ல மருத்துவர் நிதானமாகப் பதில் சொல்வார். நம் பக்கத்துக்குக் கிட்டத்தில் புதுச்சேரி ஜிப்மரில் இதற்கென்று தனித்துறை இருக்கிறது. சென்னை ஸ்டான்லியிலும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் இருக்கிறது. பணத்துக்கு அஞ்சி வீட்டில் இருந்துவிடாமல், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

கணையப் புற்றில் ஆபரேஷனுக்கு ஏற்ற நிலையில் கண்டுபிடிக்கப்படுகிறவர்கள் ஐந்தில் ஒருவர்தான். தலைப்பகுதிக் கட்டி காமாலையாகத் தன்னைக் காட்டிக்கொடுப்பது அந்த வகையில் ஒரு வாய்ப்பு. பத்தியம் இருந்து பார்ப்போம் என்று கடத்தும் வாரங்களில் அந்த வாய்ப்பு கைநழுவுகிறது.

இன்னொரு அடையாளம் சர்க்கரை மாத்திரைச் சீட்டில் இருக்கிறது. 50 வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்தவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு மூன்று ஆண்டுக்குள் கணையப் புற்று தெரிய வருகிறது என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் சுரேஷ் சாரி குழுவினர் 2005-இல் கண்டறிந்தார்கள். மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் பயப்பட வேண்டாம். ஆனால் புதுச் சர்க்கரையோடு காரணமில்லாமல் உடம்பும் இளைத்தால் மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

எங்கள் மாவட்டத் தலைநகரான கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. காமாலைக்கான இரத்தப் பரிசோதனைக்கும் வயிற்று ஸ்கேனுக்கும் கல்வராயன் மலைக்காரர்கள் இப்போது மாவட்டத்தைத் தாண்ட வேண்டியதில்லை. கண் மஞ்சளித்து, காய்ச்சல் இல்லாமல், அரிப்பும் வெளுத்த மலமும் இருந்தால் அந்த வாரத்திலேயே ஸ்கேன் எடுங்கள். கீழாநெல்லி குடித்தேன் என்பதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்காக அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, ஸ்கேன் எடுக்காமல் திரும்பாதீர்கள்.