ஒரு விநாடி பொறு!

இணையதளத்தில் நுழைய ஓடிபி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறீர்கள். திரையில் 30, 29, 28 என்று எண் இறங்குகிறது. பூஜ்யம் வந்ததும் 'மீண்டும் அனுப்பு' பொத்தானுக்கு உயிர் வருகிறது. எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே ஒரு விநாடி இடைவெளி விடுவது ஜாவாஸ்கிரிப்ட். 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவம் கொடுத்த மொழி.

இதற்குக் கை ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு வேலை. அந்தக் கை ஒரு விநாடி சும்மா நின்றால் பக்கமே உறைந்துபோகும். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையாது. அதனால் 'நில்' என்று கட்டளையிடாமல், 'செட்டைம்அவுட்' என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். செய்ய வேண்டிய வேலை, எத்தனை மில்லிவிநாடி கழித்து என்ற இரண்டும் அதில் இருக்கும். 1000 என்றால் ஒரு விநாடி. சீட்டை பிரவுசர் வாங்கி வைத்துக்கொள்ளும். நிரல் நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும்.

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். விநாடிக்கு ஒன்றாக 1, 2, 3 காட்ட நினைத்து, ஒரு லூப்பில் மூன்று முறையும் 1000 என்றே எழுதுவார்கள். ஒரு விநாடி அமைதி. பிறகு மூன்றும் ஒரே மூச்சில் கொட்டும். மூன்று சீட்டும் ஏறக்குறைய ஒரே கணத்தில் போனவை, கெடுவும் ஒன்றாகத்தானே முடியும்! 1000, 2000, 3000 என்று கொடுத்தால் வரிசை பிடிக்கும். 2017 முதல் 'அவெய்ட்' என்ற சொல்லும் உண்டு. அதைக்கொண்டு எழுதினால் அந்த ஃபங்ஷன் மட்டும் பொறுத்திருக்கும், பக்கம் வழக்கம்போல் இயங்கும்.

ஆனால் கெடு முடிந்த நொடியே வேலை நடக்கும் என்று நம்பிவிடக் கூடாது. இட்லி வெந்துவிட்டாலும், சமைப்பவர் சட்னி அரைத்து முடித்தால்தான் கொப்பரையைத் திறப்பார். 1000 என்பதற்குப் பொருள், 'ஒரு விநாடிக்கு முன்னால் வேண்டாம்' என்பதுதான். 0 என்று கொடுத்தாலும் கையிலுள்ள வேலை முடிந்த பிறகே முறை வரும். வேறு டேபுக்குப் போய்விட்டால், மறைந்திருக்கும் பக்கத்தின் சீட்டுகளை பிரவுசர் இன்னும் தாமதப்படுத்தும்.

ஆகவே ஓடிபி எண்ணிக்கையை எழுதுபவர், சீட்டு திரும்பி வரும்போதெல்லாம் ஒன்றைக் கழித்தால் போதாது. தொடங்கிய நேரத்தைக் குறித்துவைத்து, ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பார்த்து மீதியைக் கணக்கிட வேண்டும். நினைவூட்டத்தான் செட்டைம்அவுட், மணி பார்க்கக் கடிகாரம்தான்.