பத்மநாபபுரம் கொட்டாரம்: கட்டடப் பெயர்களும் மொழியெல்லையும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் சாலை நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து, களியக்காவிளையில் தமிழ்நாட்டினுள் நுழைந்து, தக்கலையை அடைகிறது. தக்கலையை அடுத்துள்ள பத்மநாபபுரம் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் அங்குள்ள அரண்மனையைப் பேணி வருவது கேரள அரசின் தொல்லியல் துறையாகும். இந்த நிருவாக விந்தையைச் சுற்றுலாக் கையேடுகள் தவறாமல் குறிப்பிடுகின்றன. அரண்மனைக் கட்டடங்களின் பெயர்களும் இவ்வாறே இரு மொழிகளுக்கு உரியவையாக இருப்பதை அவை கருத்திற் கொள்வதில்லை. மொழிபெயர்ப்பாளர் இடறும் இடமும் அதுவே.

இவ்வூரின் பழம்பெயர் கல்குளம். அரண்மனை 1601ஆம் ஆண்டளவில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் எழுந்தது என்பர். தாய்க்கொட்டாரம் எனப்படும் பகுதி அதற்கும் முந்தியதாகக் கருதப்படுகிறது. மார்த்தாண்ட வர்மா (1729-1758) இவ்வரண்மனையை விரிவாக்கினார். 1750இல் தம் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு உரிமையாக்கினார். 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழ்நாட்டுடன் இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரிய பகுதிகளுள் நெய்யாற்றின்கரை வட்டமும் ஒன்று. அது கேரளத்திலேயே நின்றது. நெய்யாற்றின்கரை என்னும் பெயரை எம்மொழிக்கு உரியதென எல்லைக்கோட்டால் வரையறுக்க இயலாது. நெய், ஆறு, கரை ஆகிய சொற்களும் இடையில் வரும் ‘இன்’ உருபும் இரு மொழிக்கும் பொதுவானவை.

கட்டடப் பெயர்களில் முதலில் புலப்படுவது ஈற்றுயிர் வேறுபாடு. தமிழில் மாளிகை, சாலை, புரை என ஐகார ஈறு பெறுவன மலையாளத்தில் மாளிக, சால, புர என அகர ஈறு பெறுகின்றன. இவையனைத்தும் சம மதிப்புடைய சான்றுகள் அல்ல. மாளிகையும் சாலையும் வடமொழியிலிருந்து வந்தவை. வடமொழியின் ஆகார ஈற்றை இரு மொழிகளும் தத்தம் மரபுப்படி ஏற்றிருக்கலாம். திராவிடச் சொல்லாகிய ‘புரை’யே இங்கு வலுவான சான்று. தமிழில் வீடு, அறை என்னும் பொருள்கள் இச்சொல்லுக்கு அகராதிகளில் உள்ளன; எனினும் இன்றைய பொதுத்தமிழ் வாசகருக்குப் புரை என்றால் குற்றம், அல்லது கண்ணில் விழும் நோய். கட்டடப் பொருள் மலையாளத்தில் உயிரோடிருக்கிறது.

‘ஊட்டுப்புரை’ என்பதை ‘உணவுக்கூடம்’ என மொழிபெயர்ப்பது இதனினும் பெரிய இழப்பு. இரு தளங்களிலும் தளத்துக்கு ஆயிரம் பேர் அமர்ந்துண்ணத்தக்க இந்நீண்ட கூடம் அரச குடும்பத்தார் உண்ணும் இடமன்று. பிராமணருக்கு அரசு இலவசமாக உணவளித்த இடம். ஊட்டுதல் என்னும் பிறவினையை உண்ணுதலாக மாற்றிவிட்டால், அளித்தவர் யார், பெற்றவர் யார் என்னும் செய்தியும், அதனுள் பொதிந்த சாதி வரலாறும் ஒருங்கே மறைந்துவிடும்.

கொட்டாரம் என்னும் சொல் தமிழகராதியில் களஞ்சியத்தைக் குறிக்கும், மலையாளத்தில் அரண்மனை. ‘கோஷ்டாகாரம்’ என்னும் வடசொல்லின் திரிபென்று இதனைக் கருதுவோர் உளர். அவ்வாறாயின், பொருள்களைக் காக்கும் இடம் அரசன் உறையும் இடமாகப் பொருள் விரிந்தது எனலாம். ‘தாய்க்கொட்டாரம்’ என்பதைச் சிலர் ‘அந்தப்புரம்’ என்று எழுதுவது பிழையே. திருவிதாங்கூரில் அரசுரிமை மருமக்கள்தாய முறையில் சகோதரியின் மகனுக்குச் சென்றது. ராணி என்னும் பட்டம் அரசனின் தாய்வழிப் பெண்டிர்க்கு உரியது. அரசனின் மனைவி அம்மச்சி எனப்பட்டார், ராணி ஆகார். ராணி என்றவுடன் மன்னனின் மனைவியை எண்ணும் தமிழ் வாசகருக்கு இவ்வேறுபாட்டை விளக்காத மொழிபெயர்ப்பு, அக்குடும்ப அமைப்பையே தலைகீழாகக் காட்டும். பெயரை அவ்வாறே எழுதி, விளக்கத்தை அடுத்த தொடரில் தருவதே தக்கது.

இன்று காணச் செல்வோர் காலணிகளை வெளியே விட்டு, செதுக்குப் பூக்கள் நிறைந்த மரக்கூரையுடைய பூமுகம் வழியே நுழைகின்றனர். மேலே மந்திரசாலை, அதன் கருந்தரை முகம் தெரியுமளவுக்குப் பளபளக்கிறது. உப்பரிகை மாளிகையின் மேல்தளத்தில் சுவரோவியங்கள் உள்ளன. திங்கட்கிழமை விடுமுறை. 2014ஆம் ஆண்டு முதல் யுனெசுகோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இவ்வரண்மனை இடம்பெற்றுள்ளது.

நவராத்திரியின்போது இங்குள்ள சரசுவதி திருமேனி, வேளிமலைக் குமாரசுவாமியுடனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையுடனும் திருவனந்தபுரத்துக்குச் செல்கிறது. உப்பரிகை மாளிகையில் உடைவாள் கைமாறியபின் ஊர்வலம் புறப்படும். முதலிரவு குழித்துறையிலும், களியக்காவிளை கடந்து மறுநாள் இரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலிலும் தங்கும். எல்லைக்குத் தெற்கே இந்நிகழ்ச்சி எழுந்தருளல், வடக்கே எழுந்நள்ளத்து. ‘எழுந்து’ என்பதன் ந்த் மலையாளத்தில் ந்ந் ஆவது, ‘வந்து’ ‘வந்நு’ ஆகும் அதே விதியால்தான்.