குளத்தில் இடம் கிடைத்தால் போதுமா?

அலெப்போவில் பிறந்த நீச்சல் வீரர் ராமி அனிஸ், 2011-இல் போருக்கு அஞ்சி சிரியாவை விட்டு இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தார். கலாட்டாசராய் என்ற புகழ்பெற்ற கிளப்பில் பயிற்சி பெற இடமும் கிடைத்தது. ஆனால் துருக்கிக் குடியுரிமை இல்லாததால் போட்டிகளில் இறங்க வழியில்லை. கூடப் பயிற்சி செய்தவர்கள் பந்தயத்துக்குக் கிளம்ப, இவர் பயிற்சியோடு நிற்க வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுகள் இப்படியே போயின. இருபதின் தொடக்கத்தில் இருக்கும் ஒரு நீச்சல் வீரருக்கு அந்த ஆண்டுகள் திரும்பக் கிடைப்பதில்லை. 2015-இல் ரப்பர் படகில் கிரீஸுக்குக் கடந்து, பெல்ஜியத்தில் தஞ்சம் பெற்ற பிறகுதான் அவருக்கு வழி பிறந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் பத்துப் பேர் கொண்ட அகதிகள் அணியில் அவரும் மற்றொரு சிரிய நீச்சல் வீராங்கனையான யுஸ்ரா மார்தினியும் நீந்தினார்கள்.

புலம்பெயர்ந்த குடும்பங்கள் பலவும் தடுமாறும் இடம் இதுதான். கிளப்பில் சேர்வது வேறு, தேசியச் சாம்பியன் பட்டத்துக்குப் போட்டியிடுவது வேறு, ஒரு நாட்டின் சார்பில் நீந்துவது வேறு. முதலாவது கிடைத்தால் மற்றவையும் தானாக வந்துவிடும் என்று யாரும் நம்பியிருக்க வேண்டாம். ஒலிம்பிக் சாசனத்தின் 41-ஆவது விதிப்படி, எந்த நாட்டுக்காக இறங்குகிறாரோ அந்த நாட்டின் குடியுரிமை வீரருக்கு இருக்க வேண்டும். முன்பு வேறொரு நாட்டுக்காகப் போட்டியிட்டிருந்தால் மூன்றாண்டு இடைவெளியும் வேண்டும். சம்பந்தப்பட்ட ஒலிம்பிக் கமிட்டிகளும் சர்வதேசக் கூட்டமைப்பும் ஒப்புக்கொண்டால் அதைக் குறைக்கலாம். ஆகவே பதினைந்து வயதுப் பிள்ளையைப் பழைய நாட்டின் அணியில் ஒரு போட்டிக்கு அனுப்புமுன் நன்றாக யோசியுங்கள்.

உள்நாட்டுப் போட்டிகளின் விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். கிளப்பில் வாய்ப் பேச்சோடு விட்டுவிடாமல், எந்தப் போட்டிகளில் நீந்தலாம், பட்டத்துக்கும் சாதனைக்கும் கணக்கில் வருமா என்று கேட்டு, அந்நாட்டு நீச்சல் கூட்டமைப்பிடமிருந்து எழுத்தில் பதில் வாங்குங்கள். மறுப்பே இறுதி என்றும் நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் வாழ்ந்த இத்தாலிய ஓட்டக்காரர் ஒருவரை அந்நாட்டு மூத்தோர் சாம்பியன் போட்டியிலிருந்து ஒதுக்கிய வழக்கில், தக்க காரணம் காட்டாமல் அப்படி ஒதுக்க முடியாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019-இல் சொன்னது. அது ஒன்றியக் குடிமக்களின் உரிமை பற்றிய தீர்ப்புதான். ஆனாலும் விளையாட்டுச் சங்கங்களின் விதி சட்டத்துக்கு மேலானதல்ல என்பது அதில் தெளிவாகிறது.

அகதி நிலை பெற்றவர்களுக்கு 1951 அகதிகள் உடன்படிக்கையின் 28-ஆவது பிரிவு, தங்கியுள்ள நாட்டிலிருந்து பயண ஆவணம் பெறும் உரிமையைத் தருகிறது. வெளிநாட்டுப் போட்டிக்கு அதில் போகலாம். ஆனால் பல நாடுகள் விசா கேட்கும், அதற்கு நாளாகும். விட்டுவந்த நாட்டின் பாஸ்போர்ட்டைப் போட்டிக்காகப் புதுப்பிப்பது பேராபத்து. அந்த நாட்டின் பாதுகாப்பைத் தானாக மீண்டும் நாடியதாகக் கருதி அகதி நிலையையே ரத்து செய்ய இடமுண்டு. கிளப் நிர்வாகி அவசரப்படுத்தினாலும் வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள்.

ஊரிலிருந்து பார்சலில் வரும் மாத்திரை, லேகியம், சத்துப்பொடி விஷயத்திலும் கவனம் தேவை. ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி, உடலில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தால் அதற்கு வீரரே பொறுப்பு. தெரியாமல் சாப்பிட்டேன் என்பதால் மட்டும் தப்ப முடியாது. நோய்க்கு அவசியமான மருந்தென்றால் சிகிச்சைப் பயன்பாட்டு விலக்குக்கு விண்ணப்பிக்கலாம்.

எனக்கு அதிகம் வலிக்கும் விஷயம், விசாவைக் காட்டி மிரட்டுவது. தங்கும் அனுமதி, அறை, உதவித்தொகை எல்லாம் ஒரே பயிற்சியாளரின் கையில் இருக்கும்போது, அவர் தவறாகத் தொட்டாலும் வீட்டுக்குச் சொல்லப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளப் பயிற்சியாளருக்கு எந்த உரிமையும் கிடையாது. துன்புறுத்தல் குற்றம், புகார் கொடுப்பவர் எந்த நாட்டவராக இருந்தாலும். கிளப்புக்குள் மட்டும் முறையிட்டு நின்றுவிடாமல் காவல்துறைக்கும் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்புக்கும் போகலாம். விசா பற்றிய பயம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரை உடனே பாருங்கள்; குறுஞ்செய்திகளை அழிக்காமல் வையுங்கள்.

போட்டியிடும் உரிமை போன்ற விஷயங்களில் கூட்டமைப்பின் முடிவு பாதகமாக வந்தால் முதலில் அதன் உள் மேல்முறையீடு. அதன் பிறகு, விதிகள் இடமளித்தால், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம். அங்கே மேல்முறையீட்டுக்குப் பொதுவான கெடு, முடிவு கிடைத்ததிலிருந்து 21 நாள். முடிவு வந்த மின்னஞ்சலைத் தேதியோடு சேமித்து வையுங்கள். பண வசதி இல்லாதவர்கள் அந்த நீதிமன்றத்திடமே சட்ட உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம்.