மூளைப் படத்திற்குச் சிறுவரை ஆயத்தம் செய்தல்

திருமலைக் கல்யாணக் கட்டில் குழந்தைக்கு முதல் முடி இறக்கும் காட்சியைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் காணாதவர் இரார். தாயின் மடியிலோ தாய்மாமன் மடியிலோ குழந்தை அமர்த்தப்படுகிறது. பெரியவர் ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்கிறார். குழந்தை வீரிட்டு அழுகிறது. சில நிமிஷங்களில் முடி இறங்கிவிடுகிறது. குழந்தையின் சம்மதத்தை எவரும் கேட்பதில்லை. அழுகையால் காரியம் கெடுவதுமில்லை. மூளையைப் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. யந்திரத்தில் இம்முறை செல்லாது. அங்கே பிடித்து வைத்தாலும் பயனில்லை, அதட்டினாலும் பயனில்லை. குழந்தை தானே விரும்பி, ஏறக்குறைய அரைமணி நேரம் தலையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். ஆறு வயதுக் குழந்தையிடம் இதனை எதிர்பார்ப்பது எளிதன்று. ஆயினும் தக்க ஆயத்தம் செய்தால் பல குழந்தைகள் இதனைச் செய்து முடிக்கின்றனர். அந்த ஆயத்தத்தில் பெரும்பகுதியைப் பள்ளியிலும் வீட்டிலுமே செய்துவிடலாம்.

இவ்விஷயம் இப்பகுதிக்குத் தொலைவானதன்று. மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலி, நாடு தழுவிய ஓர் ஆய்வின் ஏழு மையங்களுள் ஒன்றாக அமைந்தது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனமும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் முன்னின்று நடத்திய இவ்வாய்வு ‘சி-வேடா’ என்ற சுருக்கப் பெயரால் வழங்குகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் இதற்குப் பொருளுதவி செய்தன. 6 முதல் 23 வயது வரையுள்ள 10,000 பேரை ஆராய்வது இலக்கு. பெங்களூர், மைசூர், சண்டிகர், கல்கத்தா, இம்பால் ஆகிய நகரங்களோடு ஆந்திரக் கிராமப்புறம் ஒன்றும் இதில் இடம்பெற்றது சிறப்பாகும். சுற்றுப்புற நச்சுப் பொருள்கள், குடும்ப இன்னல்கள் முதலியன வளரும் மூளையை எவ்வாறு பாதிக்கின்றன, அடங்காமையும் போதைப் பழக்கமும் எவ்வாறு தோன்றுகின்றன என்பன இவ்வாய்வின் வினாக்கள். பங்குகொண்ட அனைவருக்கும் மூளைப் படம் எடுக்கப்படவில்லை. ஒரு பகுதியினருக்கே எடுக்கப்பட்டது. ஆய்வின் அமைப்பை விளக்கும் கட்டுரைகள் 2020-ல் வெளியாயின. 2022-ல் மாவட்டங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மதனப்பள்ளியும் சித்தூர் மாவட்டத்தினின்று பிரிந்தது. எல்லைகள் மாறினாலும், ஆய்வுக்குப் பிள்ளைகளை அழைக்கும்போது பெற்றோர் முதலில் யோசனை கேட்பது ஆசிரியரிடமும் சுகாதார ஊழியரிடமுமே.

யந்திரத்தின் தன்மை

பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி, ‘இதனால் கெடுதி உண்டா?’ என்பது. எம்.ஆர்.ஐ. யந்திரத்தில் எக்ஸ்-கதிர் கிடையாது. வலிமை மிக்க காந்தமும் வானொலி அலைகளுமே படத்தை உண்டாக்குகின்றன. உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் காந்தப் புலத்தில் ஒழுங்குபட்டு நிற்க, வானொலி அலை அவற்றைச் சிறிது தட்டி விடுகிறது. அவை மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பும்போது எழும் நுண்ணிய சைகைகளைக் கணிப்பொறி படமாக்குகிறது. ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படும் 3 டெஸ்லா காந்தம், பூமியின் காந்தப் புலத்தைப் போல் பல பதினாயிரம் மடங்கு வலிமையுடையது. ஆகவே அபாயம் கதிரில் இல்லை, இரும்பில் உள்ளது. இரும்புப் பொருள் எதனையும் காந்தம் விசையுடன் இழுத்துவிடும்.

இரண்டாவது, ஓசை. யந்திரத்தினுள் உள்ள கம்பிச் சுருள்களில் மின்னோட்டம் விரைவாக மாற்றப்படும்போது அவை அதிர்ந்து, தகரத்தைச் சம்மட்டியால் அடிப்பது போன்ற ஒலியை எழுப்புகின்றன. அது 100 டெசிபெல்லையும் கடக்கக்கூடும். காதடைப்பானும் அதன்மேல் காதுறையும் கட்டாயம். குழந்தைகளை அச்சுறுத்துவது பெரும்பாலும் இருளோ காந்தமோ அன்று; எதிர்பாராமல் எழும் இந்த ஓசையே.

அசைவு செய்யும் பிழை

புகைப்படத்தில் பிள்ளை அசைந்தால் முகம் கலங்கித் தெரியும். பார்த்தவுடன் பிழை என்று அறியலாம். மூளைப் படத்தில் பெரிய அசைவு இவ்வாறே தெரிந்துவிடும். சிற்றசைவு அவ்வாறன்று. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அசைவு, படத்தைக் கெடுத்ததாகக் காட்டிக்கொள்ளாமலே அளவை மாற்றிவிடுகிறது.

இது எவ்வளவு பெரிய பிழைக்கு இடமளித்தது என்பதைக் கூறுவது அவசியம். மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் முறையை ஆராய்ந்தவர்கள், சிறு குழந்தைகளிடம் அருகருகே உள்ள பகுதிகளின் இணைப்பு மிகுந்தும், தொலைவிலுள்ள பகுதிகளின் இணைப்புக் குறைந்தும் இருப்பதாகவும், வயது ஏற ஏற இந்நிலை மாறுவதாகவும் கண்டனர். அழகான முடிவு, பலரும் ஏற்றனர். 2012-ஐ ஒட்டி அமெரிக்காவில் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஓர் உண்மையை வெளியிட்டன. தலை சிறிது அசைந்தாலே அருகிணைப்பு மிகுந்தும் தொலைவிணைப்புக் குறைந்தும் தோன்றும் என்பதே அது. குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகம் அசைகின்றனர். ஆகவே வளர்ச்சியின் அடையாளம் என்று கருதப்பட்டதில் ஒரு பகுதி, வெறும் அசைவின் அடையாளமே எனத் தெரியவந்தது. இப்பிழையை எடுத்துக்காட்டிய குழுவினருள் சிலர், முன்பு அம்முடிவை முன்வைத்தவர்களே என்பது பாராட்டத்தக்கது. 2015-ல் வேறோர் ஆய்வு, அசைவினால் மூளைப் புறணி உள்ளதைவிட மெலிந்து காணப்படுவதையும் நிறுவியது.

‘அசைந்த குழந்தைகளின் படங்களை நீக்கிவிட்டால் போயிற்று’ என்று தோன்றலாம். அதில் வேறொரு கேடு உண்டு. அசையும் பிள்ளைகள் யார்? கவனம் நிலைக்காதவர்கள், துறுதுறுப்பு மிக்கவர்கள், பயந்தவர்கள், வெகு தூரம் பஸ்ஸில் வந்து களைத்தவர்கள். அடங்காமையின் காரணத்தை ஆராயப் புகுந்துவிட்டு, அடங்காத பிள்ளைகளின் படங்களையெல்லாம் கழித்துவிட்டால் எஞ்சுவது யாரைப் பற்றிய ஆராய்ச்சி? கிராமத்துப் பிள்ளை முன்பின் யந்திரத்தைக் காணாத அச்சத்தால் அசைந்தால், அவ்வச்சமே அவனது மூளையின் குறையாகப் பதிவாகவும் கூடும். குழந்தையை ஆயத்தம் செய்வது உபசாரத்திற்காக மட்டும் அன்று. அளவுகோலைச் சரிபார்ப்பதற்கு ஒப்பான வேலை அது.

பள்ளியில் செய்யக்கூடியவை

பெரிய ஆய்வு நிலையங்களில், காந்தம் இல்லாத போலி யந்திரம் ஒன்றில் குழந்தையைப் படுக்கவைத்துப் பழக்குகின்றனர். 9, 10 வயதில் சேர்க்கப்பட்ட 11,800-க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனிக்கும் அமெரிக்க ஆய்வில் இம்முறை கையாளப்பட்டது. ஓராசிரியர் பள்ளியில் போலி யந்திரத்திற்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டியதில்லை. நீள மேசை ஒன்றின்மீது இருபுறமும் தொங்கும்படி சமுக்காளத்தை விரித்தால் குகை ஆயத்தம். தரையில் பாய், தலைக்கு மடித்த துணி. பிள்ளை உள்ளே படுத்து, மேசையின் அடிப்பலகையில் ஒட்டிய படத்தைப் பார்த்திருக்க வேண்டும். முதல் நாள் ஒரு நிமிஷம் போதும். பிறகு மூன்று, ஐந்து, பத்து என்று ஏற்றலாம். உள்ளே செல்ல அஞ்சும் பிள்ளை முதலில் வெளியே நின்று, ஆசிரியர் உள்ளே படுப்பதைப் பார்க்கட்டும். ஆசிரியரின் கால்கள் மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு வகுப்பே சிரிக்கும். அச்சிரிப்பிலேயே பாதி அச்சம் போய்விடும்.

ஓசைக்கும் இவ்வாறே பழக்க வேண்டும். யந்திரத்தின் ஒலிப்பதிவை ஆய்வுக் குழுவினரிடம் கேட்டுப் பெற்று, முதலில் மெதுவாகவும் பின்னர்ச் சற்று உரக்கவும் கைப்பேசியில் ஒலிக்கச் செய்யலாம். ‘இது எதைப் போல் இருக்கிறது?’ என்று கேட்டால் பிள்ளைகளே பெயர் வைத்துவிடுவர்: ஒருவனுக்கு அது போர்வெல் லாரி, மற்றொருத்திக்கு உறுமி மேளம். பெயர் வைத்த ஓசை அச்சுறுத்துவதில்லை.

அசையாமை என்பது என்ன என்பதையும் கற்பிக்க வேண்டியுள்ளது. ‘அசையாதே’ என்றால் சிறுவன் மூச்சை அடக்கி உடல் முழுவதையும் விறைத்துக்கொள்கிறான். அரை நிமிஷத்தில் துவண்டு விடுகிறான். மூச்சு விடலாம், கண் இமைக்கலாம், எச்சில் விழுங்கலாம். தலை மட்டும் தலையணையில் பதிந்திருக்க வேண்டும் என்று பிரித்துச் சொல்லுதல் நலம். நெற்றியின் குறுக்கே சிறு காகிதப் பசைநாடாவை ஒட்டி அதன் முனைகளை இருபுறமும் பொருத்திவிட்டால், தலை திரும்பும்போது தோல் இழுபடும். அசைகிறோம் என்பதைப் பிள்ளை தானே உணர்கிறான். இஃது ஆய்வுக்கூடங்களிலும் சோதிக்கப்பட்ட உபாயம். படம் எடுக்கும் நேரத்தில் திரைப்படம் காட்டினால் சிறு குழந்தைகளின் அசைவு குறைவதாக 2018-ல் ஓர் ஆய்வு தெரிவித்தது. எனினும், படம் பார்க்கும் மூளை சும்மா இருக்கும் மூளையன்று. ஆகையால் எந்தப் பகுதியில் அதனைக் காட்டலாம் என்பதை ஆய்வாளரே முடிவு செய்வர்.

மொழியை மறத்தலாகாது. சித்தூர்ப் பகுதியில் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் பேசும் பிள்ளைகள் பலர். பெங்களூரில் காதுறை வழியே கேட்கும் குரல் கன்னடமாகவோ ஆங்கிலமாகவோ இருந்தால், அக்கணத்தில் தலை திரும்பாமல் இருக்குமா? எந்தச் சொல் ஒலிக்கும், ‘அசையாதே’ என்றா, ‘கதலகு’ என்றா என்பதை முன்னரே விசாரித்து, அதே சொல்லால் பழக்குவது உத்தமம்.

உலோகம்

இதில் கண்டிப்புத் தேவை. கொலுசு, வளை, காதணி, ஊக்கு, தலைக்கிளிப்பு, இரும்புக் கொக்கி வைத்த பாவாடை, இடுப்புப் பட்டை, சட்டைப் பையிலுள்ள காசு ஆகியவற்றை யாவரும் நினைவில் கொள்வர். மறந்துபோவது அரைஞாண். வெள்ளி அரைஞாணும் கயிற்றில் கோத்த தாயத்தும் சட்டைக்குள் மறைந்திருக்கும். வெள்ளியையும் செம்பையும் காந்தம் இழுப்பதில்லை எனினும், அவை சூடேறவும் படத்தைக் கெடுக்கவும் கூடும். தாயத்தினுள் இருப்பது இன்னதென்று யாருக்கும் தெரியாது. கண்மையையும் கழுவிவிட வேண்டும். யந்திர அறையின் வாயிலில் அவசரமாகத் தாயத்தை அவிழ்க்கச் சொன்னால் பாட்டியின் மனம் புண்படும்; அதைக் கண்ட குழந்தை கலங்கும். ஆகவே சில நாள் முன்னதாகவே வீட்டிற்குச் சென்று காரணத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். கழற்றியதை மஞ்சள் துணியில் முடிந்து தாயின் கையிலேயே கொடுத்து, முடிந்தவுடன் கட்டிவிடலாம் என்றால் பெரும்பாலோர் இசைவர். உடலில் அறுவைச் சிகிச்சையால் வைத்த உலோகம், காதினுள் பொருத்திய கருவி முதலியன உள்ளனவா என்பதை மட்டும் பெற்றோரிடம் இருமுறை கேட்க வேண்டும்.

வேண்டாம் என்னும் குழந்தை

திருப்பதியின் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம் போன்ற பெரிய மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. படம் சிகிச்சைக்காக எடுக்கப்படுகிறது. அங்கே படம் நோயாளியின் நன்மைக்காக. குழந்தை அசையாதிருக்கத் தேவையானால் மயக்க மருந்தும் கொடுப்பர். ஆராய்ச்சியில் குழந்தைக்கு நேரடியான நன்மை இல்லை. ஆரோக்கியமான குழந்தைக்குப் படத்திற்காக மயக்க மருந்து கொடுப்பதும் முறையன்று. இவ்வேறுபாட்டைப் பெற்றோர் தெளிவாக அறிதல் வேண்டும். ‘மூளைக்கு இலவசப் பரிசோதனை’ என்று சொல்லி அழைத்துச் செல்வது பொய்யாகும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, பெற்றோரின் ஒப்புதலோடு, 7 முதல் 12 வயது வரையுள்ள குழந்தையின் வாய்மொழி இசைவையும், அதற்கு மேல் 18 வயது வரையுள்ளவரின் எழுத்துமூல இசைவையும் பெறவேண்டும். காகிதத்தில் இது எளிது. கிராமப் பள்ளியில் ஆசிரியர் கேட்டால் ‘சரிங்க சார்’ என்பதைத் தவிர வேறு சொல் எந்தக் குழந்தைக்கு வரும்? இசைவைக் கேட்பவர் ஆசிரியராக இல்லாமல் இருப்பதே நன்று. குகைக்குள் படுத்துப் பழகும்போதே ‘போதும்’ என்று சொல்லவும் பழக்க வேண்டும். யந்திரத்தினுள் பிள்ளையின் கையில் ரப்பர்ப் பந்து ஒன்று கொடுக்கப்படும். சைக்கிள் ரிக்‌ஷாவின் ஹாரனைப் போல் அதனை அழுத்தினால் வெளியே மணி ஒலிக்கும். பள்ளியிலும் அவ்வாறு ஒரு பந்தைக் கொடுத்து, பிள்ளை அழுத்திய அக்கணமே சமுக்காளத்தை விலக்கிவிட வேண்டும். ஒருமுறையேனும், ‘இன்னும் கொஞ்ச நேரம்’ என்று தாமதித்தால் அப்பந்தின்மேல் நம்பிக்கை போய்விடும். நம்பிக்கை உள்ள பிள்ளையே பந்தை அழுத்தாமல் முடிவு வரை படுத்திருக்கிறான்.

மதனப்பள்ளிப் பக்கத்திலிருந்து பெங்களூர் சுமார் 120 கிலோமீட்டர். விடியலில் புறப்பட்டு, வழியில் வாந்தி எடுத்து, பசியோடு வந்து சேர்ந்த குழந்தையை உடனே படுக்கவைப்பது வீண். சிறிது உண்டு, சிறுநீர் கழித்து, கூடம் முழுவதையும் சுற்றிப் பார்த்தபின் தொடங்குவது நல்லது. உலோகச் சோதனை முடித்த தாய், நிலையத்தார் அனுமதித்தால், அறைக்குள்ளேயே நின்று குழந்தையின் பாதத்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் வாயிலில் நின்று ‘மாட்டேன்’ என்று சொல்லும் குழந்தை இருக்கும். அக்குழந்தைக்கும் பயணப்படியும் உணவும் மற்றவர்களுக்குக் கொடுப்பது போலவே கொடுக்கப்பட வேண்டும்; பதிவேட்டில் ‘இசையவில்லை’ என்று எழுதினால் போதும். மறுநாள் வகுப்பில் அதனைப் பற்றிக் கேலி எழாமல் காப்பது ஆசிரியரின் வேலை. படம் எடுத்துக்கொண்ட பிள்ளைக்கு அதன் அச்சுப்படி ஒன்று கிடைத்தால் அதனைப் பள்ளிக்குக் கொண்டுவந்து காட்டும். யாருடைய மூளை பெரியது என்ற தர்க்கம் உடனே தொடங்கும். பெரிய தலையில் பெரிய மூளை இருக்கும், அவ்வளவே என்று சொல்லி, ஆசிரியர் அப்படத்தில் கண் எங்கே, மூக்கு எங்கே என்று தேடச் சொல்லலாம்.