கடல் ஒயர்லெஸ்: சேனல், வாட், ஸ்குவெல்ச்

1974-ஆம் ஆண்டில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, இன்று வ.உ.சிதம்பரனாரின் பெயரைத் தாங்கி நிற்கும் தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் நுழையும் சரக்குக் கப்பலும், தருவைகுளத்திலிருந்து பல நாள் தங்கி மீன்பிடிக்கச் செல்லும் செவுள்வலைப் படகும் அளவில் எவ்வளவு வேறுபட்டாலும், அவற்றில் பொருத்தப்படும் விஎச்எஃப் ஒயர்லெஸ் கருவி ஒரே விதிகளுக்கு உட்பட்டது. அதன் முகப்பில் காணப்படும் சேனல், வாட், ஸ்குவெல்ச் போன்ற சொற்கள் வெறும் பொத்தான்களின் பெயர்களாகத் தோன்றினாலும், தொலைவில் தவிக்கும் ஒரு படகின் குரல் கரையை எட்டுமா என்பதை அவற்றின் பொருளை அறிந்திருப்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

ஓர் அலை ஒரு நொடியில் அதிரும் எண்ணிக்கை அதிர்வெண் எனப்படும். நொடிக்குப் பத்து லட்சம் அதிர்வுகள் ஒரு மெகாஹெர்ட்ஸ். கடல்சார் விஎச்எஃப் ஏறத்தாழ 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரை அமைகிறது. இந்த எண்களை நினைவில் வைப்பது கடினம் என்பதால் அவற்றுக்குச் சேனல் எண்கள் தரப்பட்டுள்ளன. அவற்றுள் 156.8 மெகாஹெர்ட்ஸைக் குறிக்கும் 16-ஆம் சேனல், ஆபத்து அழைப்புக்கும் முதல் அழைப்புக்கும் உலகெங்கும் ஒதுக்கப்பட்டது. அதில் ஒருவரை அழைத்தவர், பேச்சைத் தொடர வேறு சேனலுக்கு மாறிவிட வேண்டும்.

வாட் என்பது அனுப்பும் ஆற்றலின் அளவு. படகில் நிலையாகப் பொருத்தும் கருவி 25 வாட் வரை அனுப்பும். துறைமுகத்துக்குள் அருகருகே பேச 1 வாட் போதும். ஆற்றலைக் கூட்டினால் எவ்வளவு தொலைவும் பேசலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது, ஆனால் அது தவறு. விஎச்எஃப் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால், பூமியின் வளைவே அதற்கு எல்லை. நான்கு மீட்டர் உயர ஆண்டெனா உள்ள படகும், 36 மீட்டர் உயரக் கோபுரத்தில் ஆண்டெனா உள்ள கரை நிலையமும் ஏறத்தாழ 33 கிலோமீட்டர் வரைதான் பேசிக்கொள்ள முடியும். ஆகவே வாட்டைவிட ஆண்டெனாவின் உயரமே முக்கியம்.

ஒரே அதிர்வெண்ணில் மாறிமாறிப் பேசுவது சிம்ப்ளெக்ஸ்; தொலைபேசியைப் போல இரு தரப்பும் ஒரே நேரத்தில் பேசிக் கேட்பது டூப்ளெக்ஸ், அதற்கு இரண்டு அதிர்வெண்கள் வேண்டும். 16-ஆம் சேனல் சிம்ப்ளெக்ஸ் என்பதால், பேசும் பொத்தானை அழுத்தியிருப்பவருக்கு எதிர்க்குரல் கேட்காது. இங்கே கவனிக்க வேண்டிய இன்னொரு பண்பு உண்டு. இக்கருவிகள் பண்பலை முறையில் இயங்குவதால், இருவர் ஒரே சமயத்தில் பேசினால் வலுவான அலை மெலிந்ததை அடக்கிவிடுகிறது. பக்கத்துப் படகில் நடக்கும் ஊர்க்கதை, தொலைவிலிருந்து வரும் உதவிக் குரலைக் கேட்பவரே அறியாமல் மூடிவிடக்கூடும். 16-ஆம் சேனலில் வீண்பேச்சு கூடாது என்ற விதியை வெறும் ஒழுக்கக் கட்டுப்பாடாகக் கருதுவோர் இந்த இயற்பியலை மறந்துவிடுகின்றனர்.

ஸ்குவெல்ச்சும் இதே ஆபத்துக்கு இடம் தருகிறது. யாரும் பேசாதபோது எழும் இரைச்சலை அடைக்கும் அமைப்பு அது. இரைச்சல் நின்ற இடத்தில் திருகை நிறுத்தாமல் மேலும் ஏற்றினால், மெலிந்த குரல்களும் சேர்ந்து அடைபட்டுவிடும்.

டிஎஸ்சி எனப்படும் எண்முறை அழைப்பு இக்குறைகளை ஓரளவு ஈடுசெய்கிறது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால், படகின் ஒன்பது இலக்க அடையாள எண் 70-ஆம் சேனல் வழியே செல்கிறது. ஜிபிஎஸ் இணைக்கப்பட்டிருந்தால் படகின் இருப்பிடமும் அதனுடன் செல்லும். இந்தியக் கலங்களின் எண் 419 என்று தொடங்கும். அந்த எண் பதிவு செய்யப்படாத கருவியில் சிவப்புப் பொத்தான் பயன்படாது.

இவை எல்லாம் நீர்ப்பரப்புக்கு மேலே மட்டுமே செல்லும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் விஎச்எஃப் அலையை மிகக் குறைந்த ஆழத்திலேயே விழுங்கிவிடுகிறது. 1961-க்குப் பிறகு பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடைபெறாத மன்னார் வளைகுடாவில், அன்று மூழ்கியவர் கயிற்றை இழுத்தே மேலிருப்பவருக்குச் சைகை செய்தார். இன்றும் நீருக்கடியில் கம்பியின்றிப் பேச விரும்பும் மூழ்குநர், ரேடியோ அலையை விட்டு ஒலியலையையே நாட வேண்டியுள்ளது.

கடலுக்குப் புறப்படுவோர் கரையை விடுமுன் ஸ்குவெல்ச்சைச் சரிபார்த்து, கருவியை 16-ஆம் சேனலில் வைத்துச் செல்ல வேண்டும். திரும்பாத படகைப் பற்றித் தெரிவிக்க, கரையில் இருப்போர் இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை அழைக்கலாம்.